முத்தாபுதுப்பேட்டைச் சோளக்கொல்லை

ஒரு புழுவுக்காகக் கடல் கடந்து போனேன் என்று சொன்னால் எங்கள் ஊரிலேயே சிரிப்பார்கள். ஆனால் அதுதான் நடந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எங்கள் பெண்கள் சங்கத்தில் எல்லோரும் சோளன் செய்கிறவர்கள். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் என்பதைத்தான் நாங்கள் சோளன் என்கிறோம். போன மாரி மழைக்காலத்தில் படைப்புழு வந்து குருத்தைத் தின்று தீர்த்தது. மருந்து அடித்தோம். புழு குருத்துக்குள் ஒளிந்துகொண்டது. மருந்து இலையிலேயே காய்ந்து போனது.

காய்ந்த மணலில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூளைக் கலந்து, குருத்துக்குள் ஒரு சிட்டிகை போட்டால் புழு செத்துவிடுகிறது. அதைப் பிறகு கண்டுகொண்டோம். ஆனால் ஒவ்வொரு செடிக்கும் குனிய வேண்டும், நிமிர வேண்டும். பாதி வயலை நாங்கள் முடிப்பதற்குள் மீதியைப் புழு முடித்துவிட்டது. நின்றபடியே மணல் போட ஒரு கருவி இருந்தால் நல்லது என்று எங்கள் ஊர் இரும்பு வேலைக்காரரிடம் சொல்லி ஒன்று செய்வித்தோம். அதன் வாய் ஒருமுறை திறந்தால் மூடவே இல்லை. அப்போதுதான் சென்னையில் இருக்கும் என் அக்காவின் மகள் நிரோஜா தொலைபேசியில் சொன்னாள்: “சின்னம்மா, இஞ்ச அம்பத்தூர்ப் பக்கம் செய்து தராத சாமானே இல்ல. வாங்க.” சங்கத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த மாரிக்கு முன் கருவியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு விசாவுக்கு எழுதிப் போட்டேன்.

நிரோஜாவின் வீடு திருமுல்லைவாயிலில், ஒரு அடுக்குமாடியில். அவளும் கணவர் பிரபுவும் ஐ.டி. வேலை. பிரபு நாமக்கல்காரர். நான் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டு, மக்காச்சோளம் என்றால் கோழித் தீவனம்தானே என்று கேட்டார். கோழிக்கு என்றாலும் அதை யாரோ விளைவிக்கத்தானே வேண்டும் என்றேன். பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. அவர்கள் வீட்டில் குடிதண்ணீர் பெரிய கேன்களில் வந்தது, குளிக்கும் தண்ணீர் லாரியில் வந்தது. எங்கள் வீட்டுக் கிணறு நினைவுக்கு வந்து, வாளித் தண்ணீரில் பாதியை மிச்சம் வைத்தே குளித்தேன்.

நான் போனது சித்திரை முடியும் நேரம். எங்கள் ஊர் வெயிலும் வெயில்தான், ஆனால் அங்கே பகல் முழுவதும் வாவிக் காற்று வரும். இங்கே காற்றே அடுப்பிலிருந்து வந்தது. காலையில் தெருமுனைக் கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் சொதி இல்லாமல் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். எழும்போது இரண்டாவது தட்டும் காலியாகி இருந்தது.

மறுநாளே மண்ணூர்பேட்டைக்குப் போனேன். பிரபுவின் நண்பர் ஒருவர் சொல்லியனுப்பிய லேத்துப் பட்டறை அது. நடத்துகிறவர் பெயர் கஜா. நாற்பது வயதிருக்கும். எப்போதும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே எதையும் பார்ப்பார். நான் தாளில் வரைந்ததைக் காட்டினேன். மார்புயரக் குழாய், மேலே மணல் போடும் டப்பா, கைப்பிடியை அழுத்தினால் கீழே மூடி திறந்து ஒரு சிட்டிகை மட்டும் விழ வேண்டும்.

“இன்னாத்துக்கு மேடம் இது?” என்றார்.

சோளனுக்கு மண் போட என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மக்காச்சோளம் என்று திருத்திச் சொன்னேன். பின்னால் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு வடநாட்டு இளைஞர்கள் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கஜாவைக் கேட்டேன். இந்தம்மா நம்ம ஊருக்கு மண் விற்க வந்திருக்கிறார் என்கிறார்கள் என்று மொழிபெயர்த்துச் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் கஜா சிரிக்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், மூடிக்கு ஒரு சுருள்வில் போட்டால் தானாக மூடிக்கொள்ளும் என்றார். எங்கள் ஊரில் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் அது.

இரண்டொரு நாளில் கருவி வந்துவிட்டது. பட்டறையில் ஒரு பக்கெட்டுக்குள் மணலைப் போட்டுப் பார்த்தோம். அழகாக விழுந்தது. கஜா அதற்கு ‘மண் துப்பாக்கி’ என்று பெயரும் வைத்தார். ஆனால் பக்கெட்டுக்குப் புழு வராது. உயிருள்ள குருத்தில் போட்டுப் பார்க்காமல் இதைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறவோ விமானம் ஏறவோ நான் தயாராக இல்லை. வயல் வேண்டும்.

பூந்தமல்லி தாண்டினால் வயல்கள் உண்டு என்று பிரபு சொன்னார். பஸ்ஸில் போய், ஷேர் ஆட்டோவில் மாறி, வெயிலில் நடந்தேன். மனைக்கல் நட்ட தரிசு, கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி, மறுபடியும் மனைக்கல். ஒரே ஒரு இடத்தில் நெல் இருந்தது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த மாட்டுக்குச் சொந்தக்காரரிடம் மக்காச்சோளம் எங்கே போடுவார்கள் என்று கேட்டேன். கோயம்பேடு மார்க்கெட்டில் கிடைக்கும் என்றார். பன்னீர் சோடா ஒன்றை வாங்கிக் குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன். அன்று கொஞ்சம் சோர்ந்துதான் போனேன். ஆனால் விசாவில் இன்னும் நாள் இருந்தது.

அதற்கடுத்த நாள் பட்டறையில் கைப்பிடியைச் சரிசெய்து வாங்கிக்கொண்டு, அம்பத்தூரில் ரயில் ஏறினேன். அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டியவள். திருமுல்லைவாயில் வந்தது, ரயில் நிற்காமல் போனது. எதிரே இருந்த அம்மா, இது வேக வண்டி, ஆவடியில்தான் நிற்கும் என்றார். ஆவடியில் இறங்கி நடைமேடையில் நான்கு அடி வைத்திருப்பேன், ஒரு காவலர் கையைக் காட்டினார்.

“கையில என்னம்மா அது?”

அந்தப் பக்கம் ராணுவ இடங்கள் நிறைய. அங்கே குழாயும் விசையுமாக ஒரு பெண் நடந்தால் கேட்கத்தான் செய்வார்கள். எங்கள் ஊரில் சோதனைச் சாவடிகளில் நின்று பழகிய என் கால்கள் தாமாகவே அசையாமல் நின்றன. கடவுச்சீட்டைக் கொடுத்தேன். இலங்கை என்று பார்த்ததும் அவர் இன்னொரு முறை என்னைப் பார்த்தார். கஜா வைத்த பெயர் நாக்கு நுனிவரை வந்தது. நல்ல வேளையாக விழுங்கிவிட்டேன். சோளப் பயிரில் படைப்புழுவுக்கு மணல் போடுகிற கருவி என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. “படைப்புழுவா? எங்கப்பா பெரம்பலூர்ல மக்காச்சோளம்தாங்க போடுறாரு. அவரும் இதோடதான் மல்லுக்கட்டுறாரு” என்றார். கருவியை வாங்கி, கைப்பிடியை அழுத்திப் பார்த்தார். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். எங்கே பரிசோதித்தீர்கள் என்று கேட்டார். இன்னும் இல்லை, வயல் தேடுகிறேன் என்றேன். நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் சோளம் சுட்டு விற்கிற ஒரு அக்காவைக் கேட்டுப் பாருங்கள், அவர் சொந்தமாகவே விளைவிப்பதாகக் கேள்வி என்றார்.

அப்படித்தான் ஸ்டெல்லாவைச் சந்தித்தேன். கரியை விசிறிக்கொண்டிருந்தாள். கழுத்தில் சிலுவை டாலர், தலையில் ஈரத் துண்டு. என்னைவிட நாலைந்து வயது இளையவள். ஒரு கதிர் வாங்கினேன். எலுமிச்சம்பழத்தை மிளகாய்த்தூளில் தொட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். நாங்கள் உப்புப் போட்டு அவித்துத்தான் தின்போம். இது நெருப்பும் புளிப்புமாக வேறு சாமானாக இருந்தது. கதிர் எங்கே விளைந்தது என்று கேட்டேன்.

“பாதி கோயம்பேட்லேர்ந்து வர்து. மீதி என்னுது. முத்தாபுதுப்பேட்டையில கொல்லை கீது. இன்னாத்துக்குக் கேக்கறே?”

சொன்னேன். அவள் விசிறியை நிறுத்திவிட்டு என் குழாயைப் பார்த்தாள். அவள் கொல்லையிலும் புழுதான், அத்தோடு வெயிலும் சேர்ந்துகொண்டது, நாளைக்கு வந்து பார் என்றாள். நான் ஏதாவது தர வேண்டுமா என்று கேட்டதற்கு, வந்து புழுவைப் பிடி, அது போதும் என்றாள்.

முத்தாபுதுப்பேட்டையில் அந்தக் கொல்லை, மூன்று பக்கம் வீடுகள் வந்துவிட்ட இடத்தில் இருந்தது. நிலம் வேறொருவருடையது, விற்கும்வரை பயிர் செய்துகொள் என்று விட்டிருந்தார். ஸ்டெல்லாவுக்கு இரண்டு மாடுகள். கதிர் தள்ளுவண்டிக்கு, தட்டை மாட்டுக்கு. கணவர் லாரியோடு மாதத்தில் பாதி நாள் வெளியூர். கதிர் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று இரண்டு தவணையாக விதைத்திருந்தாள். ஒரு பாத்தி ஆள் உயரம். ஆண் பூ மேலே தலைகாட்டத் தொடங்கியிருந்தது. மற்றது முழங்கால் உயரம்.

நான் போனது உச்சி வெயிலில். சின்னப் பயிர் முழுவதும் இலையைச் சுருட்டி, வெற்றிலைச் சுருள்போல நின்றது. குருத்துகளில் மரத்தூள்போலப் புழுவின் கழிவு. ஸ்டெல்லா ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டிருந்தாள். தண்ணீர் கொஞ்ச நேரம் வந்தது, பிறகு காற்றுதான் வந்தது. அந்தக் கொஞ்சத் தண்ணீரையும் சின்னப் பயிருக்கே விட்டாள்.

அதைப் பெரிய பயிருக்கு விடச் சொன்னேன்.

“பெருசு தாங்கும்கா. சின்னதப் பாரு, செத்துகினு கீது. இன்னும் ரெண்டு நாள் பாப்பேன், இல்லாங்காட்டி அறுத்து மாட்டுக்குப் போட்டுட வேண்டியதுதான்” என்றாள்.

அது சாகவில்லை என்றேன். சோளன் தண்ணீர் போதாதபோது இலையைச் சுருட்டிக்கொள்ளும். வெயில் படும் பரப்பு குறையும், உள்ளே இருக்கும் ஈரம் கொஞ்சம் மிஞ்சும். பார்க்கிற நமக்குத்தான் அது சாவுபோலத் தெரியும். இலை விடியற்காலையில் விரிந்திருந்தால் செடிக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. விடியற்காலையிலும் சுருண்டே இருந்தால்தான் பயப்பட வேண்டும். முழங்கால் உயரத்தில் வாடுகிற பயிர் பிறகு ஒரு மழையில் எழும்பிவிடும். ஆனால் பூக்கிற பயிர் வாடினால் எழும்பாது. ஆண் பூ நேரத்துக்கு மகரந்தத்தைக் கொட்டிவிடும். தண்ணீர் இல்லாத கதிரில் நுனியில் தொங்கும் பட்டுநூல் பிந்தி வரும். நூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குப் போகிற வழி. மகரந்தம் தீர்ந்த பிறகு நூல் வந்து என்ன பயன், கதிர் பொக்கையாகத்தான் நிற்கும்.

ஸ்டெல்லா கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. வாடி நிற்கிறதை விட்டுவிட்டுப் பச்சையாக இருப்பதற்குத் தண்ணீர் விடச் சொல்கிறாயே என்று கேட்டாள். “விடிய வந்து பார்ப்பம் தங்கச்சி. இலை விரியாட்டி நீங்க சொன்னபடி செய்யுங்க, நான் வாய் திறக்கமாட்டன்” என்றேன்.

மறுநாள் முதல் ரயிலில் ஆவடிக்கு வந்து, ஆட்டோவில் கொல்லைக்குப் போனேன். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா எனக்கு முன்பே பாத்திக்குள் நின்றுகொண்டிருந்தாள், கையில் கதிரரிவாள். நான் அருகே போனேன். சின்னப் பயிரின் இலைகள் அகலமாக விரிந்திருந்தன. நடுவில் பனித் தண்ணீர்கூடக் கொஞ்சம் நின்றது. ஒரு மூலையில் மட்டும், மண் ஆழமில்லாத இடத்தில், சுருண்டது சுருண்டபடியே இருந்தது. ஸ்டெல்லா அந்த மூலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு விரிந்த இலைகளைத் தொட்டுப் பார்த்தாள்.

“இத்தினி நாளா நான் இத மத்தியானத்துலதான் பார்த்துகினு இருந்தேன்” என்றாள். காலையில் மாட்டு வேலை, அதற்குப் பிறகுதான் இங்கே வருவாளாம்.

மூலையை மட்டும் அறுத்து மாட்டுக்கு எடுத்துக்கொண்டாள். மோட்டார் தண்ணீரைப் பெரிய பயிருக்குத் திருப்பினாள். திருப்பிவிட்டு, சின்னது செத்தால் உன்னிடம்தான் வந்து நிற்பேன் என்று எச்சரித்தாள். வேடிக்கைக்குச் சொன்னதுபோலத் தெரியவில்லை.

அன்றே கருவியையும் எடுத்தேன். முதல் வரிசையில் ஆறேழு செடிக்குச் சரியாக விழுந்தது. பிறகு விழவில்லை. குருத்தின் ஈரம் குழாய் வாயில் பட்டு, மணல் களியாக அடைத்துக்கொண்டது. குச்சியால் குத்தினேன், இன்னும் நாலு செடி, மறுபடியும் அடைப்பு. மணலை வறுத்துக்கொண்டு வந்து போட்டேன். அதுவும் அடைத்தது. காய்ந்த பிறகு, வெயில் ஏறியதும் போடலாம் என்று பார்த்தால், அப்போது இலை சுருண்டு குருத்தின் வாய் மூடிக்கொள்கிறது. செடி தன்னைக் காத்துக்கொள்கிற வழியே எனக்குக் குறுக்கே நின்றது.

கஜாவுக்குப் போன் செய்தேன். தொலைபேசியில் சொன்னால் புரியாது, ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன் என்றார். சொன்னபடி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பாத்திக்குள் வந்து நின்றார். பெரிய பயிரின் அடியில், கணுவிலிருந்து விரல் விரலாக இறங்கி மண்ணைக் கவ்விய முட்டுவேர்களைக் குனிந்து பார்த்தார்.

“நான் பீச்சுல சுட்ட சோளந்தான்கா துன்னுகீறேன். செடியவே இப்பத்தான் பாக்கறேன். செடியப் பாக்காமயே மிஷின் செஞ்சிட்டேன் பாரு” என்றார்.

பிறகு ஒவ்வொரு குருத்தாக விரலை விட்டு, ஆழம் பார்த்தார். தப்பு குழாயில் இல்லை, அது இலையில் படுவதில்தான் என்றார். வாயைச் சுற்றி ஒரு கம்பி வளையம் வைத்தால், வளையம் இலையில் தாங்கும், வாய் ஒரு விரல் மேலேயே நிற்கும். திங்கட்கிழமை மாலையே வளையம் வைத்து வந்துவிட்டது. செவ்வாய் காலை நானும் ஸ்டெல்லாவும் மாறி மாறிப் போட்டோம். வெயில் ஏறுவதற்குள் சின்னப் பயிர் முழுவதும் முடிந்தது. நான் ஒருமுறைகூடக் குனியவில்லை. அன்று ஸ்டெல்லா கொடுத்த கேழ்வரகுக் கூழையும் மோர் மிளகாயையும் எங்கள் ஊர்க் கஞ்சியோடு ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு பசி, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் மணல் எல்லாப் புழுவையும் கொல்லவில்லை. ஆழமாக இறங்கியிருந்த பெரிய புழுக்கள் பிழைத்துக்கொண்டன. இரண்டு நாள் கழித்து ஸ்டெல்லா ஒரு மருந்துப் புட்டியோடு வந்தாள். கடைக்காரர் கொடுத்தாராம், ஒரே அடியில் எல்லாம் போய்விடுமாம். எனக்கும் அடித்துவிடலாம் என்றுதான் தோன்றியது. கருவியும் முழுதாக உதவவில்லை, நாளும் போய்க்கொண்டிருந்தது. அடிப்பதற்கு முன் எத்தனை செடியில் புழு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்போம் என்று வரிசையில் இறங்கினோம்.

மூன்றாவதோ நான்காவதோ செடியில் ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டாள். குருத்தில் ஒரு புழு அசையாமல், சுருங்கிப் போய்க் கிடந்தது. அதன் பக்கத்தில் அரிசிக் குருணைபோல ஒரு வெள்ளைக் கூடு. இது என்ன, புழுவின் முட்டையா என்று கேட்டாள். நான் அதை ஊரில் பயிற்சி வகுப்பில் படத்தில் பார்த்திருக்கிறேன், நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. புழு இலையைக் கடிக்கும்போது அதன் எச்சில் பட்டு, செடி ஒரு வாசனையை விடுகிறது. நமக்கு அது தெரியாது. ஆனால் ஒருவகைச் சின்னக் குளவிக்குத் தெரியும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து, புழுவின் உடம்புக்குள் முட்டை வைத்துவிட்டுப் போகும். குளவிக் குஞ்சு புழுவைத் தின்று வெளியே வந்து கட்டுகிற கூடுதான் அது.

தேடத் தேட இன்னும் சில கூடுகள் இருந்தன. வரிசைக்கு ஒன்றிரண்டு என்று சொல்லலாம். சில செடிகளில் புழுவைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்தது. எறும்பு எப்படி இவ்வளவு என்று நான் யோசிக்கும்போது ஸ்டெல்லா, மீன் கழுவிய தண்ணீரை இந்தப் பக்கம்தான் தினமும் ஊற்றுகிறேன், அதுவாக இருக்கும் என்றாள். அவள் எருவுக்காக ஊற்றியது. அந்த நாற்றத்தைப் பற்றி நான் இரண்டு நாளாக மனதுக்குள் முகம் சுளித்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப இந்த மருந்த அடிச்சா?” என்று கேட்டாள்.

“குளவியும் சாகும், எறும்பும் சாகும். தட்டையை மாட்டுக்கும் போடேலாது.”

மாடு என்றதும் அவள் புட்டியை இடுப்புச் சேலையில் செருகிக்கொண்டாள். மாலையில் கடைக்காரரிடம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். மிஞ்சிய பெரிய புழுக்களை இரண்டு பேரும் கையால் எடுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டோம். மூன்று காலைகள் பிடித்தது.

அதற்குப் பிறகு வந்த வாரம்தான் மோசம். வெயில் இன்னும் ஏறியது. மோட்டார் அரை மணி நேரம்கூடத் தண்ணீர் தரவில்லை; தந்ததெல்லாம் பெரிய பயிருக்கே போனது. சின்னப் பயிர் காலை ஒன்பது மணிக்கே சுருள ஆரம்பித்தது. கீழ் இலைகள் மஞ்சளாகிக் காய்ந்தன. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு மனிதர், இலங்கைக்காரம்மா பேச்சைக் கேட்டுப் பயிரைக் காய விட்டுட்டியே என்று ஸ்டெல்லாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அவள் காய்ந்த கீழ் இலைகளைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள். ரயிலில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் வயல் என்றால் போனால் போகட்டும் என்று இருப்பேன். இது அவளுடைய வயல், அவளுடைய மாடுகள். நிரோஜா இரவு புட்டு அவித்துத் தந்தாள், தேங்காய்ப்பூ நிறையப் போட்டு. தட்டை மூடி வைத்துவிட்டு, விடியற்காலைக்கு அலாரம் வைத்தேன்.

மறுநாளும் விடியற்காலையில் போனேன். ஒரு நாளும் போகாமல் இருக்கவில்லை. இலை விரிந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைவாக விரிந்தது, ஆனால் விரிந்தது. அந்த வாரக் கடைசியில் பெரிய பயிரில் பட்டுநூல் வெளியே வந்தது, வெளிர் பச்சையாக, ஈரமாக. ஆண் பூ இன்னும் மகரந்தம் கொட்டிக்கொண்டிருந்தது. நேரம் தப்பவில்லை.

வெயில் ஏறினால் மகரந்தம் செத்துவிடும் என்பதால், பனி காய்ந்ததும் நாங்களே செடியைப் பிடித்துப் பூவைக் கதிர்மேல் உலுக்கினோம். மஞ்சள் தூள் தலையில், கண்ணில், ஸ்டெல்லாவின் ஈரத் துண்டில் எல்லாம் விழுந்தது. கஜாவும் ஒரு காலை வந்து உலுக்கினார். இப்படிச் செய்தால் மணி பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்கும் என்று நினைக்கிறேன் என்றேன். அவர் அதற்குமேல் கேட்காமல் அடுத்த செடிக்குப் போனார்.

பிறகு ஒரு மாலை, நான் அம்பத்தூர் நடைமேடையில் ஆவடி ரயிலை எதிர்பார்த்து நிற்கும்போது, மழை வந்தது. கோடைமழை, பெரிய சத்தத்தோடு. ரயில்கள் ஓடவில்லை. நனைந்துகொண்டே ஆட்டோ பிடித்தேன். திருமுல்லைவாயில் தாண்டியதும் தண்ணீரில் ஆட்டோவும் நின்றது. இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து, மறுபடியும் ஒரு ஆட்டோ. கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. ஸ்டெல்லா பாத்தியின் நடுவில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். சின்னப் பயிர் முழுவதும் இலையை விரித்து, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது.

நான் ஊருக்குத் திரும்புகிற அன்று காலையில் கடைசியாகப் போனேன். சின்னப் பயிர் இடுப்பைத் தாண்டியிருந்தது. ஓட்டை ஓட்டையான பழைய இலைகளுக்கு மேலே, புழு தொடாத புது இலைகள் வந்திருந்தன. மேலே பார்த்தால் பயிர், கீழே பார்த்தால் பட்ட பாடு. பெரிய பயிரில் ஸ்டெல்லா ஒரு கதிரை முறித்துத் தோலை உரித்தாள். அடியிலிருந்து முக்கால் கதிர்வரை மணி வரிசையாகப் பிடித்திருந்தது. நுனியில் பொக்கை. அடுத்த கதிரில் பாதிதான். அதற்கடுத்தது கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. அவள் நகத்தால் ஒரு மணியைக் கீறினாள், பால் வந்தது.

“போன கோடையில இதே பாத்தியில மாட்டுக்குத்தான் ஆச்சு. ஒரு கதிர்கூட வண்டிக்குப் போவல” என்றாள். முக்கால் கதிரை இரண்டாக உடைத்து, பாதியை எனக்குத் தந்தாள். பச்சையாகவே தின்றோம். இனிப்பாக இருந்தது.

கஜா இரண்டு கருவி செய்திருந்தார். ஒன்று நிரோஜாவின் வீட்டில், என் பெட்டியோடு கட்டி வைத்திருந்தது. மற்றதை ஸ்டெல்லாவின் மாட்டுக்கொட்டகையில் சாய்த்து வைத்தேன். சுருள்வில் துருப்பிடிக்காமல் எண்ணெய் போடச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாரியில் உங்கள் ஊரில் எப்படி வந்தது என்று எனக்குப் போன் செய் என்றாள். ஓம் என்றேன்.

வாசலில் ஆட்டோ நின்றது. பாத்தி ஓரமாக நடந்து வரும்போது, ஸ்டெல்லா சட்டென்று குனிந்து ஒரு புது இலையைத் திருப்பினாள். இலையின் அடியில் பஞ்சுபோல ரோமம் மூடிய ஒரு முட்டைக் குவியல். பக்கத்துச் செடியில் இன்னொன்று. மழைக்குப் பிறகு, படைப்புழுவின் தாயான அந்துப்பூச்சி புதிதாக வந்து வைத்திருக்கிறது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கைப்பையை ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் பொறுங்கள் என்றேன். அவள் ஒரு வரிசையில் இறங்கினாள், நான் அடுத்ததில். இலையைத் திருப்புவது, முட்டையை விரலால் நசுக்குவது, அடுத்த செடி. ஆட்டோக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். பிறகு வண்டியை நிழலில் ஓரம்கட்டிவிட்டு, தாமே இறங்கி வந்து, எந்த இலையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.